திங்கட்கிழமை ராத்திரி சோறு கிடையாது

போன திங்கட்கிழமை சாயந்திரம் ஆறே முக்கால் மணி. ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மகள் வாசலிலேயே கேட்டுவிட்டாள்: "அப்பா, ராத்திரிக்கு என்ன?"

நாலு மாசமாக இந்தக் கேள்வி என் பொறுப்பில் இருக்கிறது. மனைவிக்கு மதிய ஷிப்ட் வந்ததிலிருந்து வாரநாட்களில் ராத்திரிச் சமையல் நான்தான். சமைப்பது அவ்வளவு கஷ்டமில்லை, பழகிவிட்டது. என்ன சமைப்பது என்று முடிவு பண்ணுவதுதான் பெரும்பாடு. அன்றைக்கு ஃபிரிட்ஜைத் திறந்தால் பாதி கோஸ், ரெண்டு முருங்கைக்காய், புளித்துப்போன மாவு. நேற்றும் தோசை, முந்தாநாளும் தோசை. சப்பாத்தி என்றால் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். சாதம் வைக்கலாம் என்றால் குழம்பு மதியமே காலி. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"இன்னைக்குத் திங்கக்கிழமைதானேடா? ரவை இருக்குல்ல? உப்புமா கிண்டு."

"திங்கக்கிழமைன்னா உப்புமாதானா?"

"நம்ம வீட்ல திங்கக்கிழமை ராத்திரி என்னைக்குடா சோறு வச்சிருக்கோம்?"

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். கும்பகோணத்தில் தாத்தா வீட்டிலும் சரி, பிறகு அப்பாவுக்கு மாற்றலான ஊர்களிலும் சரி, திங்கட்கிழமை ராத்திரி உலை வைத்து நான் பார்த்ததில்லை. உப்புமா, இல்லாவிட்டால் ரவா தோசை, சில நாள் கோதுமைக் கஞ்சி. சோமவார விரதம் என்றே இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னதும் அம்மா சிரித்தார்.

"உங்க பாட்டி எங்கிட்ட அப்படித்தான் சொன்னாங்க. ஆனா உங்க தாத்தா கோயில் வாசப்படி மிதிக்காத மனுஷன். அவரு 'சாஸ்திரி சொன்னாரு'ன்னுதான் சொல்வாரு."

"எந்த சாஸ்திரி? ஜோசியரா?"

"பிரைம் மினிஸ்டர்டா!"

அந்த வார்த்தையில் நான் அப்படியே நின்றுவிட்டதில் உப்புமா லேசாக அடிப்பிடித்துவிட்டது. இருந்தாலும் அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். இந்த ஒரு வாரம் படித்ததையும் அம்மாவிடம் கேட்டதையும் சேர்த்து எழுதிவைக்கிறேன்.

கேள்வியே இல்லாத காலம்

முதலில் ஒன்று புரிந்தது. "ராத்திரிக்கு என்ன?" என்ற கேள்விக்கு ரொம்ப வயசாகவில்லை. இந்தக் கேள்வி வர வேண்டுமென்றால் வீட்டில் குறைந்தது ரெண்டு வழியாவது இருக்க வேண்டும். நம் வரலாற்றில் பெரும்பாலான ஜனங்களுக்கு அது இருந்ததில்லை.

பத்துப்பாட்டில் உள்ள சிறுபாணாற்றுப்படையைப் படித்தவர்களுக்குத் தெரியும். நல்லியக்கோடனைப் பார்க்கப் போகும் பாணனுக்கு வழியில் எங்கெங்கே என்னென்ன சாப்பாடு கிடைக்கும் என்று அதில் ஒரு பட்டியலே வரும். கடற்கரையில் சுட்ட மீன். வேட்டுவர் ஊரில் புளி போட்ட சோறும் சுட்ட இறைச்சியும். வயல் பக்கம் போனால் வெள்ளைச் சோறும் நண்டும். அங்கே யாரும் யாரிடமும் "என்ன வேணும்?" என்று கேட்பதில்லை. எந்த நிலமோ அந்தச் சாப்பாடு.

அதே பாட்டில் இன்னொரு சமையலறையும் வருகிறது, பாணனின் சொந்த வீட்டுச் சமையலறை. கூரை இற்று, கரையான் பிடித்து, காளான் முளைத்துக் கிடக்கிறது. அவன் வீட்டுக்காரி குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வருகிறாள். உப்பு வாங்கக்கூட வழியில்லாமல் அப்படியே வேகவைக்கிறாள். யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று வெட்கப்பட்டு, கதவைச் சாத்திக்கொண்டு எல்லாரும் பங்கிட்டுச் சாப்பிடுகிறார்கள். ராத்திரிச் சமையலை வறுமை முடிவு செய்வதைப் பற்றி இதைவிட நேராக எழுதிய இன்னொன்றை நான் படித்ததில்லை.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தாலும் கிராமத்தில் நிலைமை பெரிதாக மாறியிருக்கவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் கூலி நெல்லாகத்தான் அளக்கப்பட்டது. பொழுது சாய வயலிலிருந்து வந்த பிறகு அந்த நெல்லைக் குத்தி உலை வைப்பார்கள். நாளுக்கு ஒரே உலை, அதுவும் ராத்திரி உலை. சூடான சோறு என்பது அந்த ஒரு வேளைதான். மிச்சத்தில் தண்ணீர் ஊற்றிவைத்தால் காலையிலும் மதியமும் பழையது. தொட்டுக்கொள்ள வயல் நண்டோ நத்தையோ கீரையோ, கையில் அகப்பட்டது. மானாவாரிச் சீமையில் நெல்லுக்குப் பதில் கம்பு, சோளம், கேழ்வரகு. அங்கே களியும் கூழும்.

வசதியான வீடுகளில் இதற்கு நேர்மாறு. மதியம்தான் முழுச் சமையல். ராத்திரிக்கு மதியக் குழம்பைச் சுடவைத்து, ரசம் விட்டு, மோர் விட்டு முடித்துக்கொள்வார்கள். விரத நாட்களில் ராத்திரி சோறு கூடாது, பலகாரம் மட்டும். பலகாரம் என்ற சொல்லே விரதத்திலிருந்து வந்ததுதான். வடமொழியில் பழ உணவைக் குறிக்கும் 'பலாஹாரம்' நம் ஊருக்கு வந்து இட்லி, தோசை, உப்புமா எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது. ஆக, ராத்திரி சோற்றை விட்டுவிட்டு டிபன் சாப்பிடும் பழக்கத்துக்கு ஒரு வேர் அங்கே இருக்கிறது. ஆனால் அது ஒரு சில வீடுகளின் பழக்கம். சாதாரண வீடுகளில் இட்லி என்றால் தீபாவளிக்குத்தான் என்று நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்போம்.

கோதுமை வந்த வழி

சோறு தின்கிற சென்னை மாகாணத்துக்கு ஒரு பங்கு அரிசி பர்மாவிலிருந்துதான் கப்பலில் வந்துகொண்டிருந்தது. 1942 மார்ச்சில் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தான். அதோடு அந்த வரத்து நின்றது. 1943இல் சென்னை நகரத்தில் ரேஷன் வந்தது. ரேஷனில் அரிசியோடு கோதுமையும் வந்தது. கோதுமையை வைத்து என்ன செய்வது என்று இங்கே பல வீடுகளுக்குத் தெரியாது. சோறு மாதிரி வேகவைத்துப் பார்த்தவர்களும் உண்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள். ரவையாக உடைத்த பிறகுதான் அது நம் அடுப்போடு ஒத்துப்போனது. பெங்களூரில் எம்.டி.ஆர். ஹோட்டல்காரர்கள் ரவா இட்லி பிறந்த கதையைச் சொல்லும்போதும் இதே யுத்தகால அரிசிப் பஞ்சத்தைத்தான் சொல்கிறார்கள்.

யுத்தம் முடிந்தும் கட்டுப்பாடு முடியவில்லை. 1952இல் முதலமைச்சராக வந்த ராஜாஜி அந்த வருஷமே உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். கொஞ்ச காலம் மூச்சு விட முடிந்தது. 1954இல் அமெரிக்கா பி.எல். 480 என்ற சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தின் கீழ் அவர்களிடம் மிஞ்சிய கோதுமையை நாம் ரூபாயிலேயே விலை கொடுத்து வாங்க முடிந்தது. அது வசதியாகத்தான் இருந்தது, மழை பொய்க்கும்வரை.

1965

1964-65இல் நாட்டின் தானிய விளைச்சல் சுமார் 8.9 கோடி டன். அடுத்த வருஷம் பருவமழை பொய்த்தது, விளைச்சல் சுமார் 7.2 கோடி டன்னுக்கு இறங்கியது. நடுவில் பாகிஸ்தானோடு யுத்தம். அமெரிக்க அதிபர் ஜான்சன் கோதுமைக் கயிற்றை இழுத்துப் பிடித்தார். வருஷக் கணக்கில் போட்டுக்கொண்டிருந்த ஒப்பந்தம் மாசக் கணக்குக்கு வந்தது. அடுத்த கப்பல் வருமா வராதா என்று டெல்லி துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

அப்போதுதான் லால் பகதூர் சாஸ்திரி ஜனங்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார். வாரத்தில் ஒரு வேளை, திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிடுங்கள் என்றார். பல ஊர்களில் திங்கட்கிழமை சாயந்திரம் ஹோட்டல்களே மூடியிருந்தன. சட்டமில்லை, தண்டனையில்லை. ஒரு பிரதமர் ஒவ்வொரு வீட்டு அடுப்பையும் பார்த்து, இன்றைக்கு ஒரு வேளை பற்றவைக்காதே என்று கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனிச் சிக்கல் இருந்தது. அதே 1965 ஜனவரியிலும் பிப்ரவரியிலும்தான் இங்கே இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றி எரிந்தது. துப்பாக்கிச் சூடு, தீக்குளிப்பு எல்லாம் நடந்தது. சாஸ்திரி அமைச்சரவையிலிருந்த சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் அதை முன்னிட்டு ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். அந்தச் சி. சுப்பிரமணியம்தான் அப்போது உணவு அமைச்சர். வருஷ ஆரம்பத்தில் யார் மேல் கோபமாக இருந்தோமோ, அதே பிரதமர் வருஷக் கடைசியில் சாப்பாட்டை விடச் சொல்கிறார்.

தாத்தா பள்ளிக்கூட வாத்தியார். அவர் பள்ளிக்கூடத்துப் பையன்களும் ஊர்வலம் போனவர்கள். "தாத்தா இந்தி எதிர்ப்பு ஆளா, காங்கிரஸ் ஆளா?" என்று அம்மாவிடம் கேட்டேன். "ரெண்டும்தான்" என்றார். "பாஷை வேற, பசி வேறன்னு சொல்வாராம். உங்க பாட்டிதான் சொல்வாங்க."

ஆனால் பாட்டி தாத்தாவைப் பட்டினி போடவில்லை. சோற்றை நிறுத்திவிட்டு உப்புமா கிண்டினார். இங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. அமெரிக்கக் கோதுமையை நம்பி இருக்கக்கூடாது என்பதற்காகச் சாஸ்திரி ஒரு வேளையை விடச் சொன்னார். அந்த நாளில் நம் பக்கம் கோதுமை விளையவில்லை. ரேஷனிலும் கடையிலும் வந்ததில் பெரும்பங்கு கப்பலில் வந்த கோதுமைதான். அமெரிக்கக் கோதுமையைக் குறைப்பதற்காகத் தாத்தா திங்கட்கிழமைதோறும் அநேகமாக அமெரிக்கக் கோதுமையைத்தான் சாப்பிட்டிருக்கிறார்!

1966 ஜனவரி 10ஆம் தேதி தாஷ்கண்டில் சாஸ்திரி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு நள்ளிரவு தாண்டி இறந்துபோனார். காலண்டரில் தேடிப் பார்த்தேன். ஜனவரி 10 திங்கட்கிழமை.

அந்த வருஷம் நாடு இறக்குமதி செய்த தானியம் சுமார் 1 கோடி டன். அதே வருஷம் சி. சுப்பிரமணியம் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையை இறக்கினார். பசுமைப் புரட்சி என்று பிற்பாடு பெயர் வைத்தது அங்கிருந்துதான் வேகம் பிடித்தது.

விடுவதற்கு ஒரு வேளை இருந்தவர்கள்

தாத்தாவைப் பற்றிப் பெருமையாக எழுதிக்கொண்டே போகும்போது ஒன்று உறுத்தியது. ஒரு வேளையை விட வேண்டுமென்றால் முதலில் அது இருக்க வேண்டும். மாசச் சம்பளக்கார வாத்தியாருக்கு இருந்தது. அவர் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், நாளுக்கு ஒரே உலை, அதுவும் ராத்திரி உலை வைக்கும் குடும்பங்கள் இருந்தன. திங்கட்கிழமை ராத்திரியை விடு என்றால் அவர்கள் எதை விடுவது?

1967 தேர்தலில் தமிழ்நாட்டில் காங்கிரஸ் தோற்றது. மொழி ஒரு காரணம் என்றால் அரிசி இன்னொரு காரணம். ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று தி.மு.க. சொன்னது. காமராஜர் தோற்றார், முதலமைச்சர் பக்தவத்சலம் தோற்றார், உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியமும் தோற்றார். அண்ணா பதவிக்கு வந்து ரூபாய்க்கு ஒரு படியைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார். நிதி இடம் கொடுக்காததால் மற்ற ஊர்களுக்கு அது போகவில்லை.

அடுத்த வருஷம், 1968 டிசம்பர் 25 ராத்திரி, அன்றைய தஞ்சை மாவட்டம் கீழ்வெண்மணியில் 44 தலித் மக்கள் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதிலிருந்து முற்றிய பகை அது. செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்ததும், எதிர்த்துப் பேச ஆரம்பித்ததும் அதில் சேர்ந்திருந்தன. ஆனால் கேட்ட அந்த நெல் என்ன? சாயந்திரம் குத்தி, ராத்திரி உலையில் போடுகிற நெல். எங்கள் வீடும் அதே மாவட்டம்தான். தாத்தா வீட்டில் உப்புமா கிண்டிய அதே வருஷங்கள்தான்.

சாஸ்திரியின் வேண்டுகோளை நான் குறைத்துச் சொல்லவில்லை. இருப்பவனிடம் கொஞ்சம் விடு என்று கேட்பது நியாயமான கேள்வி. எங்கள் வீட்டு உப்புமாவின் கதையைச் சொல்லும்போது பக்கத்துக் குடிசையின் உலையையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் கதை பாதிதான் என்பதற்காக எழுதுகிறேன்.

கேள்வி எல்லா வீட்டுக்கும் வந்தது

பிறகு நடந்தது நமக்குத் தெரிந்த கதை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1955இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி மின்சார மாவாட்டும் கிரைண்டரைச் செய்தார். மணிக்கணக்கில் ஆட்டுரலில் உட்கார வேண்டியிருந்த இட்லி மாவு, சுவிட்சைத் தட்டினால் ஆடிக்கொண்டிருக்கும் விஷயம் ஆனது. ஃபிரிட்ஜ் வந்தபின் ஒரு நாள் ஆட்டினால் நாலு நாளைக்கு ஆச்சு. பிரஷர் குக்கர் வந்தது, விறகும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் போய் கேஸ் வந்தது. ரேஷனில் 2008இல் கிலோ ஒரு ரூபாய் அரிசி, 2011இல் விலையில்லா அரிசி. அதே 2011இல் அரசே மிக்ஸியும் கிரைண்டரும் கொடுக்க ஆரம்பித்தது. இப்போது தெருமுனைக் கடையில் மாவுப் பாக்கெட். சர்க்கரை வியாதி வந்தபின் ராத்திரிக்குச் சப்பாத்தி. பாட்டி காலத்தில் ரேஷனுக்காகத் தின்ற கோதுமையை நாம் டாக்டருக்காகத் தின்கிறோம்.

தீபாவளி இட்லி வாரநாள் ராத்திரி இட்லி ஆனது சாதாரண விஷயமில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கீரை தின்ற அந்தப் பாணன் வீட்டிலிருந்து பார்த்தால், "தோசையா சப்பாத்தியா?" என்று சலித்துக்கொள்வது எவ்வளவு பெரிய வசதி! ஃபிரிட்ஜ் முன்னால் நின்று அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் இப்போது இது ஞாபகம் வருகிறது.

ஆனால் வசதி வந்த வீடுகளில் அதோடு ஒரு வேலையும் வந்தது. நிலமும் பருவமும் கூலியும் எடுத்துக்கொண்டிருந்த முடிவை இனி ஒரு ஆள் எடுக்க வேண்டும். அந்த ஆள் யார் என்பதில் மட்டும் பெரிய மாற்றமில்லை. குறுந்தொகையில் கூடலூர் கிழாரின் பாட்டு ஒன்று நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கும். புதுசாகக் கல்யாணமான பெண் தயிரைக் கையால் பிசைந்து, அந்தக் கையைச் சேலையிலேயே துடைத்துக்கொண்டு, கண்ணில் தாளிப்புப் புகை ஏற, புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் நன்றாயிருக்கிறது என்று சாப்பிட்டதும் அவள் முகம் மெல்ல மலர்கிறது. பாட்டு அவ்வளவுதான். அழகான பாட்டு. இன்றைக்குப் புளிக்குழம்பு வைக்கலாம் என்று அவள் எப்போது யோசித்தாள், வேறு எதை யோசித்துவிட்டு விட்டாள் என்பது அதில் இல்லை.

2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வைப் பார்த்தேன். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாகச் செலவிடுவது 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். அதிலும் ஆண்களில் நூற்றுக்கு 26 பேர்தான் அந்த வேலையைத் தொடுகிறார்கள், பெண்களில் 81 பேர். இது கை செய்யும் வேலை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு 'காய் என்ன இருக்கு, மாவு இருக்கா, அவருக்குக் கத்திரிக்காய் ஆகாதே' என்று ஓடுகிற யோசனையை யார் வேலை என்று எழுதிக்கொடுப்பார்கள்? இந்த நாலு மாசத்துக்கு முன்னால் என்னைக் கேட்டிருந்தால் நானும் எழுதியிருக்க மாட்டேன். அம்மா சாயந்திரம் கேட்கும்போதெல்லாம் "எதானாலும் சரிம்மா" என்றுதான் சொல்லியிருக்கிறேன். பெரிய மனசோடு சொல்வதாக நினைப்பு. அந்தப் பதிலால் அவருடைய வேலை ஒரு துளிகூடக் குறையவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. மகள் என்னிடம் அதே பதிலைச் சொல்லும்போது.

சோமவாரம் எப்படி வந்தது?

ஒரு முடிச்சு மிச்சமிருந்தது. தாத்தாவுக்கு அது சாஸ்திரி. பாட்டிக்கு எப்படிச் சோமவாரம் ஆயிற்று? நேற்று மறுபடி அம்மாவைக் கேட்டேன்.

"சாஸ்திரி செத்துப்போனதும் உங்க தாத்தா கொஞ்ச நாள் கழிச்சு நிறுத்திடலாம்னாராம். பாட்டிதான் விடலை. சோமவாரம், நிறுத்தக்கூடாதுன்னுட்டாங்களாம்."

"பாட்டிக்கு அவ்ளோ பக்தியா?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "பக்தியும் இருந்துது. நான் கல்யாணமாகி வந்த புதுசுல கேட்டேன், ஏம்மா திங்கக்கிழமை மட்டும்னு. 'ஒரு நாளாவது என்ன செய்யறதுன்னு யோசிக்காம இருக்கலாம்ல'ன்னாங்க. அப்புறம் நானும் விடலை."

பத்துப் பேர் இருந்த வீடு அது. ஒரு பிரதமர் நாட்டுக்காகக் கேட்டதை, ஒரு பாட்டி சாமி பேரில் எழுதிவைத்துக்கொண்டு, தனக்கு வாரத்தில் ஒரு சாயந்திரத்தை மீட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் ஐம்பது வருஷத்துக்கு மேலாக யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை, தாத்தா உட்பட.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கிழமைக்கு ஒரு சாப்பாடு என்று ஏதாவது இருக்கலாம். இருந்தால், ஆரம்பித்துவைத்தவரைத் தெரிந்த ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். பாட்டியை நேராகக் கேட்க எனக்கு இனி வழியில்லை.

நாளைக்குத் திங்கட்கிழமை. மகளிடம் இப்போதே சொல்லிவிட்டேன், உப்புமாதான், மாற்றமில்லை என்று. முகத்தைச் சுளித்தாள். ஏன் என்று கேட்டாள். உட்கார், பெரிய கதை என்றேன்.